கொல்லைப்புறத்தில் குளமும் அருவியும், பாசி படர்ந்த பாறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் அருவி கட்டியிருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தப் பச்சை எப்படி வந்தது?" குழி எவ்வளவு ஆழம், பம்ப் என்ன அளவு என்று முதலில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பச்சை கடைசியில் வருவது. முதலில் தண்ணீர் ஒழுங்காக ஓட வேண்டும், ஓடிய தண்ணீர் சிந்தாமல் குளத்துக்குத் திரும்ப வேண்டும். அதனால் கேள்விகளையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் அங்கே இங்கே போகும்.

பாசி என்கிறீர்களே, எந்தப் பாசி?

குழப்பமே இந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழ வைப்பதும் பாசி, மழைக்காலத்தில் மதில் மேல் வெல்வெட் துணி மாதிரி படர்வதும் பாசி. இரண்டும் வேறு வேறு. வழுக்குவது ஆல்கா. வெல்வெட் மாதிரி இருப்பது மாஸ். பக்கத்தில் குனிந்து பார்த்தால் தண்டும் நுணுக்கமான இலைகளும் தெரியும், முழுச் செடிதான், வேர் மட்டும் கிடையாது. கல்லைப் பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் இருக்கும், ஆனால் தண்ணீரும் சத்தும் பெரும்பாலும் இலை வழியாகத்தான் உள்ளே போகும். இங்கே ஆல்காவைப் பாசி என்றும் மற்றதை மாஸ் என்றும் சொல்கிறேன்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தண்ணீர் ஓடும் கல்லில் வருவது பெரும்பாலும் பாசி. தண்ணீர் தெறிக்கிற, ஆனால் ஓடாத, நிழலான கல்லில் வருவது மாஸ். படத்தில் பார்த்து ஆசைப்பட்ட அருவியை இன்னொரு தடவை கூர்ந்து பாருங்கள், தண்ணீர் விழுகிற பாதை கறுத்து மொழுமொழுவென்று இருக்கும், பச்சை இரண்டு ஓரத்திலும்தான் இருக்கும். கட்டும்போது இது ஒன்று மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த இடத்தில் அமைப்பது?

மாஸுக்கு நிழல் வேண்டும். குளத்தில் அல்லி பூக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும், அதோடு அல்லி இலை மேல் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்காது. ஆக, அருவி நிழல் பக்கம், குளம் வெயிலைப் பார்த்தபடி, அல்லி அருவியை விட்டுத் தள்ளி மறு ஓரத்தில். இந்த ஒரு ஏற்பாடு பல சண்டைகளைத் தீர்க்கும்.

நிழல் வேண்டும் என்பதற்காகப் பெரிய மரத்தடியில் போய்த் தோண்ட வேண்டாம். வேர் குறுக்கே வரும், இலை கொட்டிக்கொண்டே இருக்கும், அது அடியில் அழுகிக் கறுஞ்சேறாகும். சுவர் நிழல், வேலி நிழல் இருந்தால் உத்தமம். தோட்டத்திலேயே தாழ்வான மூலையும் வேண்டாம். பார்க்கக் குளத்துக்கென்றே அமைந்த இடம் மாதிரி இருக்கும், ஆனால் மழை பெய்தால் ஊர் மண்ணும் உரத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும், நிலத்தடி நீர் ஏறினால் லைனரையே (தண்ணீர் இறங்காமல் இருக்கக் குழிக்குள் விரிக்கும் ஷீட்) கீழிருந்து தூக்கிவிடும். தோண்டும் முன் அடியில் கேபிள், குழாய் எதுவும் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள் நீங்கள் எங்கே அதிகம் உட்காருவீர்களோ அங்கிருந்து தெரிகிற மாதிரி அருவியைத் திருப்பி வையுங்கள். முதுகைக் காட்டி நிற்கும் அருவிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எவ்வளவு பெரிதாக, எவ்வளவு ஆழமாக?

மீனும் செடியும் கொஞ்சம் இருக்கிற சாதாரணக் குளத்துக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் போதும். கோய் மாதிரி பெரிய மீன் என்றால் ஒரு மீட்டருக்குக் கீழே யோசிக்காதீர்கள். குளிரில் உறையும் இடமென்றாலும் ஆழம் கூட வேண்டும். ஓரத்தில் 20 அல்லது 25 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படி விட்டுத் தோண்டினால் செடித் தொட்டி வைக்கவும் கல் அடுக்கவும் உதவும்.

மிகச் சின்னக் குளம் சுலபம் என்று நினைப்பார்கள், நிஜத்தில் அதுதான் படுத்தும். தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் பச்சையாகும், பம்பைப் போட்டவுடன் மட்டம் சட்டென்று இறங்கும்.

லைனரா, சிமெண்டா?

நான் லைனர் கட்சி. இ.பி.டி.எம். என்கிற ரப்பர் ஷீட், ஒரு மில்லிமீட்டர் கனம் போதும், இழுத்தால் வளைந்து கொடுக்கும், வெயிலைப் பல வருடம் தாங்கும். பி.வி.சி. ஷீட் மலிவு, ஆனால் வெயில் படும் ஓரத்தில் விறைத்துக் கீறல் விடும். சிமெண்ட் தொட்டி வலுவானதுதான், ஆனால் அடிமண் கொஞ்சம் அமுங்கினாலும் மயிரிழை வெடிப்பு விழும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறும், மீனுக்கு ஆகாது. சிமெண்டுதான் என்று முடிவெடுத்தால் பல தடவை நிரப்பி வடித்துவிட்டு அப்புறம் மீன் விடுங்கள்.

லைனருக்கு அடியில் தடித்த ஜியோடெக்ஸ்டைல் துணி போடாமல் விடாதீர்கள், பழைய கம்பளமும் ஆகும். பெரிய கல் உட்காரும் இடத்தில் லைனருக்கு மேலேயும் ஒரு துண்டுத் துணி வைத்து அதன்மேல் கல்லை இறக்குங்கள்.

லைனர் எவ்வளவு வாங்குவது? தண்ணீர் எத்தனை லிட்டர் பிடிக்கும்?

நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டி, ஓரத்துக்கு 60 சென்டிமீட்டர் சேருங்கள். அகலத்துக்கும் அப்படியே. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 4.8 மீட்டருக்கு 3.8 மீட்டர் வேண்டும். அருவிக்குத் தனித் துண்டு. அது குளத்து லைனரின் மேல் வந்து விழ வேண்டும், ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் உட்காருகிற மாதிரி. மாற்றிப் போட்டுவிட்டு ஒழுகுகிறது என்று தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

இதே குளத்தின் கொள்ளளவு: 3 × 2 × 0.6 = 3.6 கன மீட்டர். வளைவு, படி எல்லாம் கழித்து முக்கால் பங்கு என்று வைத்தால் சுமார் 2,700 லிட்டர். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பம்ப், மீன், மருந்து எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு.

பம்ப் எந்த அளவு?

இரண்டு கணக்கு போட்டு, பெரியதை எடுங்கள். ஒன்று, குளத்துத் தண்ணீர் முழுக்க மணிக்கு ஒரு முறையாவது சுற்றி வர வேண்டும், அதாவது மேலே சொன்ன குளத்துக்கு மணிக்கு 2,700 லிட்டர். இரண்டு, தண்ணீர் விழும் கல்லின் உதட்டு அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் இருந்தால்தான் திரை மாதிரி விழும். உதடு 30 சென்டிமீட்டர் என்றால் 4,500 லிட்டர். குறைந்தால் கல்லை நக்கிக்கொண்டு அடிவழியாக வழியும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பம்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் எண், உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. பக்கத்தில் இத்தனை மீட்டர் வரை ஏற்றும் என்று போட்டிருப்பது, அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். நடுவில் என்ன வரும் என்பதைப் பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள வரைபடம் சொல்லும். குளத்து நீர்மட்டத்திலிருந்து அருவி உச்சி வரை அளந்து, குழாய் நீளத்துக்கும் வளைவுகளுக்கும் கொஞ்சம் சேர்த்து, அந்த உயரத்துக்கு நேரே 4,500 காட்டுகிற பம்பை வாங்குங்கள். குழாய் மெலிந்திருந்தால் எவ்வளவு பெரிய பம்பும் திணறும். இந்த அளவு தண்ணீருக்கு 40 மில்லிமீட்டர் குழாய் போடுங்கள். வழியில் ஒரு வால்வு வைத்துவிட்டால் சத்தம் அதிகமாகத் தோன்றும் நாளில் குறைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் பில்? பாதுகாப்பு?

70 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் 1.7 யூனிட், மாதத்துக்கு ஏறக்குறைய 50 யூனிட்.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் தண்ணீருக்குள் எந்தக் கம்பியும் போகக்கூடாது. அதை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். குளத்தில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பம்பை ஒயரைப் பிடித்துத் தூக்காதீர்கள், தூக்குவதற்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

அருவி கட்டினேன், மண்குவியல் மேல் கல் கொட்டிய மாதிரி இருக்கிறதே?

எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான் வரும். எனக்கும் வந்தது. தட்டையான தோட்டத்தில் திடீரென்று ஒரு கூம்பு எழுந்து, அதன் உச்சியிலிருந்து தண்ணீர் வந்தால் கண் நம்பாது. மேடு அகலமாக, பின்பக்கமும் பக்கவாட்டும் மெதுவாகச் சரிந்து போக வேண்டும். உயரம் 60 சென்டிமீட்டர் என்றால் அகலம் இரண்டரை மூன்று மீட்டராவது இருக்கட்டும். குளம் தோண்டிய மண்ணே இதற்குப் போதும். தண்ணீர் மேட்டின் நெற்றியிலிருந்து புறப்படாமல், கொஞ்சம் கீழே இரண்டு கற்களுக்கு நடுவிலிருந்து வரட்டும். பின்னால் புதர்ச்செடிகள் நட்டால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது.

ஒரே உயரமான விழுதலைவிட 15 முதல் 30 சென்டிமீட்டரில் இரண்டு மூன்று சின்ன விழுதல்கள் பார்க்கவும் கேட்கவும் நன்றாக இருக்கும், தெறித்து வீணாவதும் குறைவு. சத்தத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஆழமான தண்ணீரில் விழுந்தால் கனத்த சத்தம், தட்டைக் கல்லில் விழுந்தால் சளசளப்பு. கல்லை ஒரு விரல்கடை நகர்த்தினாலே சத்தம் மாறும், அதனால் கல் இடுக்குகளை ஃபோம் அடித்து இறுக்கும் முன் பம்பை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.

மிக முக்கியமாக, மேட்டு மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள், முடிந்தால் சில வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். நான் அவசரப்பட்டேன். இரண்டாவது மாதம் மேடு ஒரு பக்கம் அமுங்கி, லைனர் ஓரம் தாழ்ந்து, காலையில் போய்ப் பார்த்தால் பம்ப் வறண்டு கத்திக்கொண்டிருக்கிறது, குளத்துத் தண்ணீரெல்லாம் வேலியோரத்தில் நிற்கிறது.

எந்தக் கல் நல்லது?

மாஸ் வேண்டுமென்றால் சொரசொரப்பான, தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கல். மணற்கல் அருமை. கருங்கல்லிலும் வரும், ஆனால் பளபளவென்று அறுத்த பக்கத்தில் வராது. உடைத்த பக்கம், வெடிப்பு, குழி உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். சுண்ணாம்புக்கல்லில் அதற்கென்று உள்ள மாஸ் வகைகள் நன்றாகவே வளரும், ஆனால் கல் மெல்லக் கரைந்து தண்ணீரைக் காரமாக்கும் என்பதால் குளத்துக்குள் நிறையப் போட வேண்டாம்.

ஒரே அளவுக் கற்களைக் கரையைச் சுற்றி முத்துமாலை கோத்த மாதிரி வைக்காதீர்கள். நாலைந்து பெரிய கல், அதை ஒட்டி நடுத்தரம், இடுக்கில் கூழாங்கல். பெரிய கல்லில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கட்டும், அப்போதுதான் அங்கேயே கிடந்த கல் மாதிரி இருக்கும்.

எடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கருங்கல் ஒரு கன மீட்டர் 2.6, 2.7 டன் வரும். உருண்டையாக 30 சென்டிமீட்டர் கல் சுமார் 37 கிலோ, இருவர் தூக்கலாம். 60 சென்டிமீட்டர் கல் அதைப்போல இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், எட்டு மடங்கு, 300 கிலோ. கடப்பாரையும் ஆளும் போதாது.

தண்ணீர் கல்லுக்கு மேலே போகாமல் அடியில் போய்விடுகிறது. என்ன செய்வது?

தண்ணீருக்கு நம் அழகுணர்ச்சி கிடையாது, சுலபமான வழியில் போகும். விழும் கல்லுக்கு அடியிலும் இரண்டு பக்கத்திலும் விரிந்து இறுகும் கறுப்பு ஃபோம் அடித்து அடையுங்கள். ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் மணலைத் தூவினால் கறுப்பு தெரியாது. ஒரு நாள் காயவிட்டு அப்புறம் தண்ணீர் விடுங்கள். விழும் கல் பக்கவாட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக இருக்க வேண்டும், முன்பக்கம் துளி சாய்ந்திருக்கலாம். உதடு கூர்மையாக இருந்தால் தண்ணீர் விட்டு விழும், உருண்டிருந்தால் கல்லைத் தழுவிக்கொண்டு இறங்கும்.

சரி, மாஸுக்கு வருவோம். மோரில் அரைத்துத் தடவினால் வளரும் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகவே சிலர் இதுவரை படித்திருப்பீர்கள். நானும் செய்தேன். ஒரு கை மாஸ், மோர், மிக்ஸியில் ஒரு சுற்று, பெயின்ட் பிரஷ்ஷால் கல் கல்லாகப் பூசினேன். மறுநாள் காலையில் இரண்டு கல்லைப் பூனை நக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் நாள் மிச்சக் கற்களில் சாம்பல் நிறப் பூஞ்சை. ஒரு வாரம் நாற்றம்.

இந்த யோசனையில் பாதி உண்மை. மாஸின் துணுக்கு ஒவ்வொன்றும் புதுச் செடியாக வளரக்கூடியது, அதனால் உதிர்த்துத் தூவுவது சரியான வழிதான். மோருக்குத்தான் அங்கே வேலை இல்லை. மாஸுக்கு மழைநீரிலும் தூசியிலும் வரும் சத்தே போதும், பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் பூஞ்சைக்குத்தான் விருந்து. ஒட்டவைக்க ஏதாவது வேண்டுமென்றால் வழுவழுப்பான களிமண்ணைக் கூழாகக் கரைத்துக் குழிகளில் மட்டும் தடவுங்கள்.

நடைமுறையில் எனக்குப் பலித்தது இதுதான். கல்லைத் தேய்த்துக் கழுவி நனைக்க வேண்டும். உள்ளங்கை அளவு மாஸ் துண்டை எடுத்து, அடியில் உள்ள மண்ணை உதறி, கல்லின் குழியில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்த வேண்டும், காற்று இடைவெளி இருந்தால் காய்ந்துவிடும். செங்குத்தான இடத்தில் பருத்தி நூலால் சுற்றிக் கட்டினேன், நூல் மக்குவதற்குள் அது பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு மாதம் காலை மாலை ஸ்ப்ரே. பிடித்துவிட்டதா என்று பார்க்க ஓரத்தை லேசாக இழுங்கள், எதிர்ப்பு தெரிந்தால் சரி.

எல்லா மாஸும் கல்லில் வருமா?

வராது. கல்லில் இருந்ததைக் கல்லுக்கு, மண்ணில் இருந்ததை மண்ணுக்கு. இந்த விதியை மீறியதெல்லாம் என்னிடம் காய்ந்து உரிந்து விழுந்தது. தோற்றத்தில் இரண்டு வகை: படுத்துப் படர்ந்து பின்னிக்கொண்டு போவது ஒன்று, நிமிர்ந்து குட்டித் தலையணை மாதிரி குவிவது இன்னொன்று. பாறையைப் போர்த்த வேண்டுமென்றால் படர்வதைத் தேர்ந்தெடுங்கள். தலையணை வகை மெதுவாக வளரும், எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் அழுகும்.

ஓடும் தண்ணீரிலேயே பச்சை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஜாவா மாஸ் இருக்கிறது, மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வேகம் குறைந்த ஓரத்தில் நூலால் கட்டிவிட்டால் தண்ணீருக்குள்ளேயே வளரும்.

காட்டிலிருந்து மாஸ் படர்ந்த பாறையையே கொண்டு வந்துவிட்டால்?

வேண்டாம். பல இடங்களில் சட்டப்படியே குற்றம், அதோடு ஒரு பாறை அப்படிப் பச்சையாக எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். உங்கள் மதில், தண்ணீர்த் தொட்டி ஓரம், பழைய தொட்டிச் செடி, தெரிந்தவர் வீட்டுக் கூரை, இங்கெல்லாம் சுரண்டினாலே ஒரு கூடை தேறும், அதுவும் உங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்கெனவே பழகிய மாஸ். யாராவது தங்கள் நிலத்திலிருந்து முறையாகக் கொடுத்தால் கோணிச்சாக்கில் சுற்றித் தூக்குங்கள், சங்கிலி போட்டால் பச்சை முழுக்க வழித்துக்கொண்டு போகும். முன்பு எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் நிழலில் இருந்ததோ அதே மாதிரி வையுங்கள்.

மாஸ் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, தூங்குகிறது. பல வகை மாஸ்கள் சருகு மாதிரி காய்ந்தும் உயிரோடு இருக்கும். தண்ணீர் தெளித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பாருங்கள், சுருண்ட இலைகள் சில நிமிடத்தில் விரிந்து பச்சை திரும்பும், குழந்தைகளுக்குக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். ஒரு வாரம் ஈரம் காட்டியும் பழுப்பாகவே இருந்தால், கறுத்துக் குழைந்தால், எடுத்துவிடுங்கள். உச்சிவெயிலில் தெளிக்காதீர்கள், அந்தச் சூட்டில் அது வெந்துவிடும். விழுந்த சருகுகளை மேலே கிடக்க விடாதீர்கள், மென்மையான துடைப்பத்தால் தள்ளினால் போதும்.

கல்லில் வெள்ளையாகப் படிகிறதே?

கடினநீர். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் சுண்ணாம்பு மிச்சமாகிறது, மாஸையும் அது மூடிவிடும். மழைநீர் சேர்த்து வைத்து அதைத் தெளிப்பதே நல்லது. வினிகர், ப்ளீச் எதுவும் ஊற்றாதீர்கள், வெள்ளையோடு பச்சையும் போகும்.

குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது, என்ன மருந்து?

புதுக்குளம் முதல் சில வாரங்களில் பச்சையாவது சகஜம். வெயிலும் சத்தும் இருக்கிறது, அதைச் சாப்பிடச் செடிகள் இன்னும் வளரவில்லை, அதனால் பாசி முந்திக்கொள்கிறது. பதற்றத்தில் தண்ணீரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலையும் மிதக்கும் செடியும் மூடும் வரை பொறுங்கள். மீனுக்கு உணவு குறையுங்கள். நூல் நூலாக வளரும் பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுத்தால் சேமியா மாதிரி வந்துவிடும்.

யு.வி. விளக்கு மிதக்கும் பாசியைத்தான் கொல்லும், கல்லில் பிடித்ததைத் தொடாது. தாமிரம் கலந்த பாசிக்கொல்லியை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அதே தண்ணீர்தான் அருவியில் தெறித்து மாஸ் மேல் விழுகிறது, தாமிரம் மாஸுக்கும் விஷம். நத்தையும் சாகும், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீனும் திணறும். அப்படிப் பாசியை விரட்டப் போய் ஒரு வருட மாஸை ஒரே வாரத்தில் இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. ஓட்டையா?

லைனரைப் பிடுங்கும் முன் ஒரு வாளியை எடுங்கள். தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் குளத்திலும் மட்டத்தைக் குறியுங்கள். பம்பை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவி. வெயில்காலத்தில் நாளுக்கு அரை சென்டிமீட்டர் போகலாம். குளம் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் ஓட்டை குளத்தில், எந்த மட்டத்தில் இறங்குவது நிற்கிறதோ அதை ஒட்டித் தேடுங்கள். பம்ப் நின்றிருக்கும்போது குறையாமல், ஓடும்போது மட்டும் குறைந்தால் கசிவு அருவிப் பக்கம்.

என் அனுபவத்தில் பெரும்பாலும் ஓட்டையே இருக்காது. ஓரம் எங்கோ தாழ்ந்திருக்கும், அல்லது ஒரு கல் தண்ணீரை லைனருக்கு வெளியே தெறிக்கவைக்கும். சில சமயம் மாஸே குற்றவாளி: கரையைத் தாண்டி வெளி மண் வரை படர்ந்து, விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி தண்ணீரை வெளியே கடத்தும். லைனர் ஓரத்தை மண்ணுக்கு மேல் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு வெளியே ஜல்லி போட்டால் அது நிற்கும்.

கொசு?

ஓடும் தண்ணீரில் முட்டையிடாது, ஆனால் உங்கள் அருவியில் ஓடாத மூலைகள் உண்டு: கல் குழி, ஓரத்துத் தேக்கம். சூடான காலத்தில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள்தான். வாரம் ஒரு தடவை அந்தக் குழிகளை வழித்துவிடுங்கள். குளத்துக்குள் கப்பி மீன் இருந்தால் புழுவைப் பார்த்துக்கொள்ளும். மீன் இல்லையென்றால் பி.டி.ஐ. என்கிற பாக்டீரியா மாத்திரை, 1976-இல் கண்டுபிடிக்கப்பட்டது, கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் மாஸையும் ஒன்றும் செய்யாது.

மீன் எப்போது விடலாம்?

அவசரப்படாதீர்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் ஜல்லியிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு மூன்று மீன் விட்டு ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரமின் போகாது, அதற்கு மருந்து வேண்டும்.

பம்பை ராத்திரி நிறுத்தலாமா?

மீன் இருந்தால் வேண்டாம். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அருவிதான் காற்றைக் கலக்கிவிடுகிறது. மீன் இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம், ஆனால் நிறுத்தியவுடன் ஓடையில் இருந்த தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கும், அதற்குக் குளத்தில் இடம் விட்டிருக்க வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

அப்படியானால் இப்போதைக்குக் குளம் வேண்டாம். கையளவு தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து. குளம் இல்லாத அருவி கட்டலாம்: விழும் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி அடியிலுள்ள தொட்டிக்குப் போய் அங்கிருந்து பம்ப் மேலே அனுப்பும், நிற்கும் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. வெறும் ஜல்லி நிரப்பிய குழியில் தண்ணீருக்குக் கிடைப்பது கொள்ளளவில் 40 சதவீதம் அளவுதான், அதனால் குழியைப் பெரிதாகத் தோண்டுங்கள். குழந்தை வளர்ந்தபின் மூடியை எடுத்துக் குளமாக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தேன். எப்போது பச்சையாகும்?

நட்ட துண்டுகள் பிடிக்க இரண்டு மாதம், ஒன்றோடொன்று கைகோக்க ஒரு வருடமோ இரண்டோ. ஜப்பானில் கியோட்டோவில் சைஹோஜி என்று ஒரு கோயில், மாஸ் தோட்டத்துக்கே பேர்போனது, 120 வகைக்கு மேல் இருக்கிறது. 1339-இல் முசோ சோசெகி என்ற துறவி அந்தத் தோட்டத்தை மாற்றியமைத்தபோது மாஸ் திட்டத்திலேயே இல்லை. பிற்காலத்தில் பராமரிக்க வழியில்லாமல் விட்டபோது அதுவாக வந்து படர்ந்தது.

என் தோட்டத்திலும் கிட்டத்தட்ட அதே கதை. அழுத்தி, கட்டி, தெளித்து வளர்த்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிகச் செழிப்பாக இருப்பது நான் கையே வைக்காத ஓரிடம்: அருவிக்குப் பின்னால் குழாய் இணைப்பு ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஒரு மணற்கல்லின் தோளில் விழுகிறது, அந்தக் கல் முழுக்கப் பச்சை, விரலை வைத்தால் முதல் கணு வரை உள்ளே போகிறது. இணைப்பைச் சரிசெய்யத்தான் வேண்டும். டேப் வாங்கி வைத்து எட்டு மாதமாகிறது.